என் கணவர் பாடிய ஜப்பான் பாட்டு

சென்ற வருடம் ஒக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ரொறன்ரோவின் ரூஜ் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து ஒஷாவாவில் உள்ள மச்சாள் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தோம். மச்சாள் என் கணவரின் தங்கை. மகள் கார் ஓட்டினாள். பக்கத்தில் கணவர். பின்சீட்டில் நானும் என் மடியில் கத்தரிக்காய்க் குழம்புச் சட்டியும்.

மகள் தன் போனில் ஒரு பாட்டைப் போட்டாள். நாற்பது வருடத்துக்கு முந்தைய ஜப்பான் காதல் பாட்டாம். இப்போது அவள் வயதுப் பிள்ளைகள் இதைத்தான் தேடித் தேடிக் கேட்கிறார்களாம். ஒரு பெண் மெல்லிய குரலில் பாடினாள். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை, ஆனால் கேட்க நன்றாக இருந்தது. இரண்டாவது அடியில் இன்னொரு குரலும் சேர்ந்துகொண்டது. என் கணவர் பாடிக்கொண்டிருந்தார்.

வாய்க்குள் முணுமுணுக்கவில்லை. மூச்சு எடுக்கவேண்டிய இடத்தில் மூச்சு எடுத்து, ஒரு சொல் தடுக்காமல், வெளியே பார்த்தபடி முழுப் பாட்டையும் பாடினார். எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்தெட்டு வருடம். அவர் பாடி நான் கேட்டதே இல்லை. கோயிலில் எல்லோரும் தேவாரம் பாடும்போதுகூட வாயை மட்டும் அசைக்கிற மனிதர்.

“அப்பா, வாட்? உங்களுக்கு இது எப்பிடித் தெரியும்?” என்றாள் மகள்.

“அங்க ரேடியோவில போறது. சும்மா காதில விழுந்தது,” என்றார்.

கனடாவுக்கு வருமுன் அவர் இரண்டரை வருடம் ஜப்பானில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தவர். அது எனக்குத் தெரியும். ஆனால் தெரிந்தது அந்த ஒரு வசனம்தான். ரொறன்ரோவில் எங்கள் ஆட்களில் பலருக்கு இப்படி ஒரு இடைவழி நாடு இருக்கிறது. ஒருவர் ஜேர்மனியில் நின்றவர், இன்னொருவர் தாய்லாந்தில் நின்றவர். “இவர் ஜப்பானில நிண்டவர்” என்று சொல்லிவிட்டு நாங்கள் அடுத்த கதைக்குப் போய்விடுவோம்.

திரும்பி வரும்போது மகள் கெஞ்சிக் கேட்டு அவரை இன்னொரு தடவை பாடவைத்து, அதைப் போனில் பதிந்து எனக்கும் அனுப்பினாள்.

நான் ஒரு பேக்கரியில் வேலை செய்கிறேன். அங்கே கேக்குக்கு அலங்காரம் செய்பவர் ஒரு ஜப்பானியப் பெண். அடுத்த நாள் அவரிடம் அந்தப் பதிவைப் போட்டுக் காட்டினேன். உச்சரிப்பு அருமை என்றார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். இந்தப் பாட்டில் இருப்பது பெண்கள் பேசுகிற மாதிரியான பேச்சு, உன் கணவர் அசல் பெண் மாதிரியே பாடுகிறார் என்றார். அதற்குமேலும் ஏதோ சொன்னார். எனக்குக் காது அடைத்துவிட்டது.

பெண்ணைப் போலப் பாடுகிறார் என்றால் ஒரு பெண்ணிடம்தானே பழகியிருக்கவேண்டும்?

அன்று பின்னேரமே, அவர் வேலையால் வருமுன், பேஸ்மென்டில் இருந்த அவருடைய பழைய சூட்கேசைத் திறந்தேன். அடியில் ஒரு கொப்பி. பக்கம் பக்கமாக ஜப்பான் பாட்டுகள், தமிழ் எழுத்தில். சில பக்கங்கள் அவர் கையெழுத்து. மற்றவை உருண்டை உருண்டையான, வடிவான இன்னொரு கையெழுத்து. வரிகளுக்குக் கீழே பென்சிலால் அர்த்தம்: மழை, ஸ்டேஷன், நீ, இனி வரமாட்டாய்.

யாரோ ஒரு ஜப்பான்காரிக்கு அவர் தமிழ் எழுத்துப் பழக்கியிருக்கிறார் என்று முடிவு கட்டினேன். இப்போது நினைக்க எனக்கே சிரிப்பு வருகிறது. அன்று அது வெள்ளிடைமலை மாதிரித் தெரிந்தது. கொப்பியைக் கொண்டுபோய், பழைய பேப்பர் போடும் நீலத் தொட்டிக்குள் எறிந்தேன். கால் மணி நேரம் கழித்துத் திரும்ப எடுத்தேன். நல்ல எண்ணத்தில் எடுக்கவில்லை. நியாயம் கேட்க ஆதாரம் வேண்டும் என்றுதான் எடுத்து என் சேலைகளுக்கு அடியில் வைத்தேன்.

இரண்டு கிழமை அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. சாப்பாட்டை மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுவேன். “உடம்புக்கு ஏலாதோ?” என்று இரண்டு மூன்று தடவை கேட்டார். இல்லை என்றேன்.

பிறகு மறுபடியும் மச்சாள் வீடு. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மகள், அப்பா ஜப்பான் பாட்டுப் பாடுவார் என்று மச்சாளுக்கும் அவர் கணவருக்கும் பெருமையாகச் சொல்லி, பாடச் சொன்னாள். என்னால் அடக்க முடியவில்லை.

“ஆரிட்டைப் பழகினவர் எண்டும் சொல்லச் சொல்லு. உது பொம்பிளையளின்ரை பேச்சாம். கொப்பி முழுக்க அவளின்ரை கையெழுத்து,” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார்.

“கொப்பியை நீரோ எடுத்தனீர்?”

“ஓம்.”

“அது அவளில்லை. அவன்,” என்றார்.

பிறகு, சோற்றில் வைத்த கையை எடுக்காமலே, சொல்லத் தொடங்கினார். ஒரு அறையில் ஆறு பேர். இவருக்கும் மன்னாரைச் சேர்ந்த ஒரு பையனுக்கும் ஒரே கட்டில். இவருக்குப் பகல் வேலை, அவனுக்கு இரவு வேலை. இரண்டு பேரும் ஒன்றாக இருப்பது பின்னேரம் ஒரு மணி நேரம் மட்டும். முன்பு குடியிருந்த யாரோ விட்டுப்போன ஒரு டேப் ரெக்கோர்டரும் ஒரே ஒரு கசெட்டும் அந்த அறையில் இருந்தன. முழுக்க ஒரு பெண் பாடிய காதல் பாட்டுகள். மன்னார்ப் பையன் ஊரில் மாதா கோயில் பாடகர் குழுவில் பாடியவன், நல்ல காது. கேட்டுக் கேட்டு எழுதுவான். தெரியாத சொற்களுக்குத் தொழிற்சாலையில் அர்த்தம் கேட்டு வருவார்கள். இருவரும் ஜப்பான் மொழி பழகியது அப்படித்தான்.

முதல்முறை மேற்பார்வையாளரிடம் போய்க் கையுறை கேட்டபோது, காதலனைப் பிரிந்த பெண் கெஞ்சுகிற மாதிரிக் கேட்டுவிட்டாராம். அங்கே நின்ற எல்லோரும் வேலையை விட்டுவிட்டுச் சிரித்தார்களாம். அதைச் சொன்னபோது மச்சாள் சிரித்தா. மகள் சிரித்தாள். என்னை அறியாமல் நானும் சிரித்துவிட்டேன்.

அதே குரலில் மிச்சத்தையும் சொன்னார். ஒரு நாள் அந்தப் பையன் வேலைக்குப் போகும் வழியில், ரயில் ஸ்டேஷனில் விசா இல்லாமல் பிடிபட்டான். இலங்கைக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். “அண்டையிலையிருந்து கட்டில் முழுக்க எனக்குத்தான்,” என்றார். கொழும்பிலிருந்து ஒரு கடிதம் வந்தது, ஊருக்குப் போகிறேன் என்று. அங்கே சண்டை நடந்த காலம் அது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. கனடாவுக்கு வந்து, சந்தித்த மன்னார் ஆட்கள் எல்லோரிடமும் இவர் விசாரித்திருக்கிறார். ஆமிக்காரர் பிடித்துக்கொண்டு போனார்கள் என்றார் ஒருவர். வள்ளத்தில் இந்தியாவுக்குப் போனவன் என்றார் இன்னொருவர். நிச்சயமாகத் தெரிந்தவர் எவரும் இல்லை.

“அவன்ரை கையெழுத்து மட்டும்தான் என்னட்டை இருக்கு,” என்றார்.

“ஏன் அண்ணை இதை எங்களுக்கு ஒரு நாளும் சொல்லேல்லை?” என்று மச்சாள் கேட்டா.

“ஆரும் கேக்கேல்லை,” என்றார்.

அவர் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு அது கூடுதலாகச் சுட்டது.

வீட்டுக்கு வந்ததும் கொப்பியை எடுத்து அவர் கையில் கொடுத்து, “பிழை விட்டிட்டன்,” என்றேன். நீலத் தொட்டியில் எறிந்ததையும் மறைக்காமல் சொன்னேன். கொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பக்கங்கள் எல்லாம் இருந்தன. “கிழிக்கேல்லைத்தானே,” என்று மட்டும் சொன்னார். தொட்டி எடுக்கும் லொறி, நான் எறிந்த அன்றைக்கு அடுத்த நாள் காலையிலேயே எங்கள் தெருவுக்கு வந்தது என்பதை நான் சொல்லவில்லை. அவருக்கும் தெரிந்திருக்கும்.

பேக்கரியில் இந்தக் கதையைச் சொன்னபோது அந்த ஜப்பானியப் பெண் தலையில் கைவைத்தார். அங்கே ஆண்களும் பெண்ணின் பேச்சில் காதல் பாட்டுப் பாடுவது சாதாரணம், அதைத்தானே அன்றைக்கு உனக்குச் சொன்னேன் என்றார். சொல்லியிருப்பார். நான் கேட்கவில்லை.

இப்போது சனிக்கிழமைகளில் தேத்தண்ணியோடு உட்கார்ந்து நான் அவரிடம் ஏதாவது கேட்பேன். அங்கே என்ன சமைத்தீர்கள், குளிருக்கு என்ன போட்டீர்கள், அந்தப் பையனுக்கு எந்தப் பாட்டுப் பிடிக்கும். கேட்டால் சொல்கிறார், சில நாள் ஒரு மணி நேரம்கூட. அவரைப் பற்றி எல்லாம் தெரியும் என்று இருபத்தெட்டு வருடம் ஒன்றையும் கேட்காமல் இருந்தேன். முதன்முதலாகக் கேட்ட கேள்வியையும் நாலு பேர் முன்னால் ஒரு குற்றச்சாட்டாகக் கேட்டேன் என்பதுதான் இன்னும் எனக்குள் உறுத்திக்கொண்டிருக்கிறது.