அரைப்பட்டினி ஈஸ்ட்

சென்னையில் ஆட்சி மாறியும் நன்னிலம் பக்கத்து மிராசுதார்கள் மாறவில்லை. அரைப்படி நெல் கூடுதல் கூலி கேட்டுக் கொடி பிடித்த ரெத்தினத்துக்கு அந்த வட்டாரத்தில் ஒருவரும் வேலை தரவில்லை. நாலு வருடம் அலைந்து, தஞ்சாவூர்க் கல்லூரி ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் பெருக்குகிற ஆளாகத் தற்காலிகமாக ஒட்டிக்கொண்டார். நிரந்தர உத்தரவு வரவேண்டிய மாதம் அது. வந்துவிட்டால் மிராசுதார் வாசலில் இனிக் கைகட்டி நிற்க வேண்டாம்.

அங்கே கமலவல்லி என்ற ஆராய்ச்சி மாணவி குடுவைகளில் ஈஸ்ட் வளர்த்தாள்.

"சர்க்கரை கொறைஞ்சாத்தாண்ணே இதுங்க நொதி நல்லா சுரக்கும். வயிறு நெறைஞ்சா நிறுத்திடும். அதான் அரைப்பட்டினி போட்டிருக்கேன்" என்று சிரித்தாள்.

பட்டினியைச் சிரித்துக்கொண்டு சொல்கிற விஷயமா? அட போங்கள், ரெத்தினத்துக்கு அன்று சோறு இறங்கவில்லை.

தினமும் காலையில் பெருக்க வந்தவர், பஞ்சடைப்பை எடுத்துக் குடுவைக்கு ஒரு கரண்டி குளுக்கோஸ் போட்டார். ஈஸ்ட் புசுபுசுவென்று பெருகியது. அவருக்கும் மனசு நிறைந்தது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது அந்தப் பாவி மனிதருக்குத் தெரியவில்லை. மூன்று முறை சோதித்தும் நொதி பேருக்குக்கூட இல்லை. பேராசிரியர் சாரங்கபாணி அவள் நோட்டை வீசி எறிந்தார்.

"அளந்து போடத் தெரியாதவளுக்கு ஆராய்ச்சி எதுக்கு? நாளையிலேருந்து வராதே!"

அவள் அழுதாள். வாயைத் திறந்தால் உத்தரவு போச்சு என்று ரெத்தினத்துக்கு நன்றாகத் தெரியும். திறந்தார்.

"பாப்பா மேல தப்பில்லைங்கய்யா. நாந்தான் சர்க்கரை போட்டேன்."

"யோவ், யாரு போடச் சொன்னா?"

"யாரும் சொல்லலைங்க. வேலை இல்லாத வருசம் எம்மவ அம்சம் பசி பசின்னே செத்துப்போச்சு. அன்னிக்கு எங்கிட்ட ஒரு பிடி நொய் இல்லைங்க. இங்க அலமாரி நெறையச் சர்க்கரை இருந்துச்சு."

சாரங்கபாணி தாம் எறிந்த நோட்டைக் குனிந்து எடுத்து அவளிடமே கொடுத்தார். ஆனாலும் ரெத்தினத்துக்கு வேலை போனது போனதுதான்.

மாதக் கடைசியில், மிராசுதார் வாசலிலேயே மறுபடி கைகட்டி நிற்க நன்னிலம் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தார் ரெத்தினம். கமலவல்லி ஜன்னலோரம் ஓடிவந்தாள்.

"அண்ணே, இந்தத் தடவை நொதி நல்லா வந்துடுச்சு!"

"சந்தோசம் பாப்பா." கொஞ்சம் தயங்கினார். "உங்க வேலைதான் முடிஞ்சிருச்சே, இனிமேயாவது அதுங்களுக்கு வயிறார ஏதாச்சும் போடுங்க."

"போடுறேண்ணே" என்று பொய் சொன்னாள். குடுவைகளில் இருந்த ஈஸ்டை அன்று காலையிலேயே கொதிக்க வைத்துக் கொட்டியாகிவிட்டது.