நூல் வளைந்த நாள்

ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் அடுக்களைச் சுவரில் வெள்ளை டைல்ஸ் வரிசை வரிசையாக இருக்கிறது. நடுவில் ஒன்று மட்டும் கோணல். அது நான் ஒட்டியது. மற்றதெல்லாம் அக்கா வீட்டுக்காரர் கைவேலை. ராஜபாளையத்துக் கொத்தனார், எனக்கு அத்தான்.

வீடு கட்டிய சமயம், ஒரு மத்தியானம் அத்தான் அப்போதுதான் ஒட்டிய வரிசையைத் தானே கரண்டியால் பெயர்த்துக்கொண்டிருந்தார். "வளைஞ்சு கெடக்குலே." எனக்கு நேராகத்தான் தெரிந்தது. ஆனால் என் பேச்சுக்கு வீட்டில் என்ன மதிப்பு? நூலை இழுத்துக் கட்டிக் காட்டினேன். உற்றுப் பார்த்தவர் சொன்னார்: "மாப்ளே, நூலும்லா வளையுது!"

"மத்தியானமே ஆரம்பிச்சாச்சா அத்தான்?" என்று சிரித்தேன். சிரிப்பு பாதியில் நின்றது. விறைப்பாகக் கட்டிய நூல் எப்படி வளையும்? ராஜபாளையத்தில் ஒரு கண் மருத்துவமனையில் ஸ்கேன் எடுப்பதுதான் என் பிழைப்பு. ஊர்க் கண்ணையெல்லாம் படம் பிடிக்கிற எனக்கு வீட்டுக் கண் தெரியவில்லை. அவர் வலக்கண்ணைப் பொத்தினேன். நூல் நேர் என்றார். இடக்கண்ணைப் பொத்தினேன், வளைவு.

மறுநாள் மெஷினில் அவர் மோவாயை வைத்ததும் விழித்திரை அடுக்கடுக்காகத் திரையில் விரிந்தது. காகிதம்போல் மெல்லிய அந்த இடத்தில்தான் அக்கா முகம், பேரன் முகம், நூல் எல்லாம் குடியிருக்கின்றன! வலக்கண்ணில் நட்டநடுவே நீர் கசிந்து அடுக்கைத் தூக்கியிருந்தது. இடக்கண்ணில் நீர் இல்லை. ஆனால் அடியில் மணல் சிந்தியதுபோல் சின்னச் சின்ன மேடுகள். அந்தக் கண்ணில் அவருக்கு ஒரு குறையும் தெரியவில்லை. ஆளுக்குத் தெரியும் முன்பே படத்துக்குத் தெரிந்திருக்கிறது. பிரமித்துப்போய் நின்றவன், டாக்டரைக் கூப்பிட்டேன்.

வயதானால் சிலருக்கு விழித்திரையின் நடுப்பகுதி கெடும் என்றார் டாக்டர். வலக்கண்ணுக்கு உடனே ஊசி. இடக்கண்ணுக்கும் நீர் கசியலாம், நேர்கோடு வளைந்து தெரிகிறதா என்று அதைத் தினமும் தனியாகச் சோதிக்க வேண்டும். அத்தான் திரையையே பார்த்தபடி, "அடியில ஓதம் ஏறி மேல் கல்லத் தூக்கிருச்சு. இதுக்கு யாருலே கொத்தன்?" என்றார். ஊசி கண்ணுக்குள்ளேயே என்று கேட்டதும் நான் நாற்காலியைத் தேடினேன். "ஊசி எனக்குலே. நீ ஏன் சாயுத?"

சில ஊசிகளுக்குப் பிறகு நூல் ஏறக்குறைய நேரானது. பெயர்த்த வரிசையை அவரே திரும்ப ஒட்டினார். ஆசைப்பட்டு ஒன்றை நான் வாங்கி ஒட்டினேன். "கெடக்கட்டும்" என்று விட்டுவிட்டார்.

இப்போது அத்தானும் அக்காவும் எங்கள் மாடியில் குடியிருக்கிறார்கள். காலையில் காப்பிக்கு இறங்கி வந்ததும் வலக்கண்ணைப் பொத்திக்கொண்டு சுவரைப் பார்ப்பார். அக்கா டம்ளரும் டவராவுமாக அவரையே பார்த்துக்கொண்டு நிற்பாள்.

"இன்னைக்கும் நீ ஒட்டுனது ஒண்ணுதான் மாப்ளே கோணல்."

அதற்குப் பிறகுதான் அக்கா காப்பியை ஆற்றத் தொடங்குவாள்.