மண் குடித்த சாறு

எனக்குப் படர்தாமரை வந்தது செராமிக் யூனிட்டில்தான். எண்பதுகளின் கடைசி அது. பொம்மை அச்சில் மண் கரைசல் ஊற்றுகிற வேலை எனக்கு. காலையில் நனைந்த புடவை சாயங்காலம் வரை உடம்பிலேயே கிடந்து காயும். முதலில் இடுப்பில் ஒரு வட்டம் வந்தது. பிள்ளை பிறந்தபோது மார்பு வரை ஏறிவிட்டது. நமைச்சல் உயிரை எடுக்கும். டாக்டர் கொடுத்த ஆயின்ட்மென்ட்டைத் தடவினால் அடங்கும், விட்டால் மறுபடி கிளம்பும்.

பிள்ளைக்கு ஒட்டிக்கொள்ளுமே என்று அவனைத் தொடவே பயந்தேன். வீட்டுக்காரரின் அக்கா, என் நாத்தனார், கருவேப்பிலங்குறிச்சியில் வாழ்க்கைப்பட்டவர். அவருக்கும் கைப்பிள்ளை. பார்க்க வந்தவர், "ஒனக்கு சரியாவுற வரைக்கும் நான் பால் குடுக்கிறேன், எம்புள்ளயோட புள்ளயா இருக்கட்டும்" என்று தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார். அவரைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும்.

எனக்குப் பால் கட்டிக்கொண்டு வலித்தது. பீய்ச்சிய பாலைக் கால் படுகிற இடத்தில் ஊற்றக் கூடாது என்பார்கள். கொல்லையில் நின்ற சீமை அகத்திச் செடியின் அடியில் ஊற்றினேன். அந்த இலையை அரைத்துப் போட்டால் படர்தாமரைக்குக் கேட்கும் என்று எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரியும். நானும் அதைத்தான் நம்பியிருந்தேன்.

அங்கேதான் என் வீட்டுக்காரர் தன் மூளையைக் காட்டினார். வெறும் சாறு வழிந்து ஓடிவிடுகிறதாம். யூனிட்டிலிருந்து வெள்ளைக் களிமண் கொண்டுவந்து, சாற்றில் குழைத்துப் பற்றுப் போட்டுவிட்டார். "குளுகுளுன்னு இருக்குதா?" என்று கேட்டுக்கொண்டே விசிறுவார். இருந்தது. காய்ந்து உதிர்ந்தால் மறுபடி போடுவார். மாதங்கள் போயின. வட்டம் அசையவில்லை, பால்தான் வற்றிப்போனது.

யூனிட்டில் கூட வேலை செய்த அக்கா ஒருவர் என் கழுத்தோரம் ஒட்டியிருந்த பற்றைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "அடிப்பாவி! நாள் பூரா மண்ணுல கெடக்குற, இது தெரியலியா? காயிற மண்ணு ஈரத்த விட்டு வைக்குமா? எலச் சாறையெல்லாம் அதுவே குடிச்சிடுது. தோலுக்கு என்னா மிஞ்சும்?"

இதை வந்து சொன்னதும் வீட்டுக்காரர் அன்று சோறு தின்னவில்லை. திட்ட வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் சோற்றுத் தட்டை மூடி வைத்துவிட்டு வந்தேன்.

மண்ணைத் தூக்கி எறிந்துவிட்டு, இலையை எலுமிச்சம்பழச் சாறு விட்டு மைபோல அரைத்துத் தேய்த்தேன். எரிச்சலில் துள்ளினேன். ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக விளிம்பு கருகி அடங்கியது. தோல் சுத்தமானது. ஐயோ, இதை முதலிலேயே செய்திருந்தால்!

பிள்ளையை அழைத்துவர ஓடினேன். என்னைக் கண்டதும் வீறிட்டு, நாத்தனாரின் கழுத்தைக் கட்டிக்கொண்டான். "கொஞ்சம் பழகட்டும்மா, அப்பறம் அழைச்சிக்கிட்டுப் போ" என்று அவரும் அழுதார். போகும்போதெல்லாம் இதே கதைதான். நடக்கவும் பேசவும் அவன் அங்கேதான் கற்றுக்கொண்டான். நாத்தனார் பிள்ளை என்னை அத்தை என்று கூப்பிடும். அதைக் கேட்டு இவனும் அத்தை என்றான்.

பால்குடி மறந்த பிறகுதான் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். அன்று பருப்புச் சோற்றில் நெய் விட்டுப் பிசைந்து ஊட்டினேன். சமர்த்தாக வாங்கிக்கொண்டான். வாசலையே பார்த்துக்கொண்டிருந்தவன் என் பக்கம் திரும்பி, "அத்தை, அம்மா எப்ப வரும்?" என்று கேட்டான்.

"வரும்டா கண்ணு. நீ தின்னு" என்றேன்.