பழனியண்ணனின் தொய்ந்த கம்பிகள்

திருச்செங்கோடு பஸ் நிலையத்தில் கச்சேரி வேனோடு காத்திருந்தோம். பழனியண்ணனை அழைத்துவரப் போன மைக்செட் ராசு தனியாகத் திரும்பி வந்தார். "ஏனுங்க, நம்ம பேஸ் கிட்டார்க்காரர் இன்னும் ஊட்டுல தூங்கறாருங்களா?" என்று கேட்டுச் சிரித்தேன். ராசு சிரிக்கவில்லை. "விடியக்காலம் எந்திரிக்கவே இல்லீங்க" என்றார். அவரைப் பற்றி நான் அடித்த கடைசிக் கிண்டல் அதுதான்.

அவரோடு மேடையேறியவர்களுக்கும், அவர் கையால் கிணற்று மோட்டாருக்குச் செப்புக்கம்பிக் காயில் கட்டிக்கொண்டவர்களுக்கும் இதை எழுதுகிறேன். பகலில் புதுச்சத்திரத்தில் அவருக்கு அந்த வேலை. முகூர்த்த நாளிலும் கோயில் நோம்பியிலும் எங்கள் ஆர்கெஸ்ட்ராவில் பேஸ் கிட்டார். நான் டிரம்ஸ். குழாய் ஸ்பீக்கரில் பேஸ் சத்தம் வெளியே வராது. ஒருமுறை ஊர்க்காரர் ஒருவர், "அந்த நெட்டையான ஆளு எதுக்குங்க சும்மா நிக்கறாரு?" என்று கேட்டார். "பந்தக்கால் ஒண்ணு பத்தலீங்க" என்றேன். முதலில் சிரித்தது பழனியண்ணன்தான். "பந்தக்காலை ஆரு சாமி பாக்கறாங்க? உருவிப் பாரு, அப்பறம் தெரியும்" என்றார்.

பிறகு அவருடைய இடக்கை விரல் மூட்டுகள் வீங்கத் தொடங்கின. விறைப்பான கம்பியை அழுத்த முடியாமல் பாட்டின் நடுவிலேயே கையை உதறுவார். அது குழுத் தலைவர் கண்ணில் பட்டுவிட்டது. "ராசிபுரம் கல்யாணம் வரைக்கும் பாக்கறேனுங்க. முடியலீன்னா மேட்டூர்ல ஒருத்தரைப் பேசி வெச்சிருக்கேன்" என்றார். பழனியண்ணன் தலையை மட்டும் ஆட்டினார். அன்று பஸ்ஸில் ஊர் வரும்வரை விரல்களை நீவிக்கொண்டே வந்தார்.

வேறு கம்பி மாற்றிப் பார்க்கலாம் என்று சேலத்தில் ஒரு பாயின் இசைக்கருவிக் கடைக்கு இருவரும் போனோம். பாய் இரண்டு கம்பிக் கட்டுகளை எடுத்து வைத்தார். ஒன்று, மேலே உருண்டைக் கம்பி சுற்றியது. தட்டினால் கோயில் மணி மாதிரி கணீரென்றது. இன்னொன்று பட்டைத் தகடு சுற்றியது. கண்ணாடி போல வழவழப்பு. விரல் நகர்ந்தால் 'கிறீச்' சத்தம் கிடையாது. "இது இழுவை கம்மிண்ணே, கை நோவாது. ஆனா சத்தம் மந்தம். ஓங்கித் தட்டுனா கிட்டார் கட்டையில மோதிக் கடகடங்கும்" என்றார் பாய்.

நான் கணீரென்றதைக் காட்டினேன். பழனியண்ணன் காயில் கம்பியைச் சோதிப்பது போல மற்றதன்மேல் நகத்தை ஓட்டிக்கொண்டே இருந்தார். "அண்ணா, இதுல வேட்டி காயப் போடலாமுங்க" என்றேன். "போடலாம் சாமி. அவுந்து உளுகாம இருந்தாச் சரி" என்று சொல்லி, அதையே வாங்கினார்.

ராசிபுரத்தில் முதல் பாட்டிலேயே பாய் சொன்னது நடந்தது. ஓட்டை லாரி போகிற மாதிரி கம்பி கடகடத்தது. தலைவர் திரும்பிப் பார்த்தார். பழனியண்ணன் என் பக்கம் குனிந்தார்.

"சாமி, நீ இடிக்கறதுனால நானும் இடிக்கறேன். ஒரு பாட்டுக்கு மட்டும் கையைக் குறைச்சுப் பாரு."

"டிரம்ஸ்னா அடிக்கோணுமுங்க. தடவிக் குடுக்க இதென்ன கன்னுக்குட்டிங்களா?"

"கன்னுக்குட்டின்னே நெனச்சுக்க."

அவர் முகத்தில் சிரிப்பு இல்லாததைப் பார்த்தேன். கையைக் குறைத்தேன். அவரும் குறைத்தார். கடகடப்பு நின்றது. அதன் இடத்தில் உருண்டையாக ஒரு சத்தம் மேடைப் பலகை வழியாக என் ஸ்டூலுக்கு ஏறி வந்தது. எங்களுக்கு மேலே கத்தியே பழகிப்போன பாடகி சரோஜா அக்கா, கழுத்து நரம்பு புடைக்காமல் அன்றுதான் பாடினார். பந்தியில் இருந்தவர்கள்கூட எழுந்து மேடை முன்னால் வந்து உட்கார்ந்தார்கள்.

முடிந்ததும் தலைவர் ராசுவின் முதுகில் தட்டி, "இன்னைக்கு மைக்கு சுத்தமா இருந்துச்சுங்க" என்றார். ராசுவும் அந்தப் பாராட்டைக் கூசாமல் வாங்கிக்கொண்டார். எனக்குப் பொறுக்கவில்லை. பழனியண்ணன் என் தொடையை அமுக்கினார். "பந்தல் நின்னுச்சில்ல சாமி, உடு." மேட்டூர்க்காரர் பேச்சு அதோடு அடங்கியது.

அவர் இல்லாத முதல் கச்சேரிக்கு அந்த மேட்டூர்க்காரர்தான் வந்தார். நல்ல மனிதர், நல்ல வாசிப்பு, விறைப்பான கம்பி. பாதியில் என்னிடம், "இன்னுங் கொஞ்சம் ஓங்கி அடிக்கலாமுங்க, என் கம்பி தாங்கும்" என்றார்.

பழனியண்ணனிடமிருந்து எனக்கு மிஞ்சியது பொருளாக ஒன்றும் இல்லை. இந்தக் குறைந்த கைதான்.

"தாங்குமுங்க" என்றேன். "கைதான் இன்னும் கன்னுக்குட்டின்னு நெனச்சுக்கிட்டிருக்குது."