ஊர்ப் பெயர் இல்லாத பக்கம்

கணவரின் சிறுநீரக மாற்றுச் சிகிச்சைக்கு இணையத்தில் உதவி கேட்கப் போனபோது, இரண்டு நிதி திரட்டும் தளங்களின் நாட்டுப் பட்டியலில் இலங்கையே இல்லை. அந்தக் கோதாரிப் பட்டியலைத் தள்ளித் தள்ளி விரல்தான் நொந்தது. மூன்றாவது தளம் வெளிநாட்டு வங்கிக் கணக்குக் கேட்டது. கனடாவிலிருக்கும் என் தம்பி தன் பெயரில் பக்கத்தைத் திறந்தான்.

“அக்கா, அத்தான்ரை பேரும் ஊர்ப்பேர் உடையார்கட்டும் வேண்டாம். வன்னி எண்டு கண்டால் இயக்கத்துக்குச் சேர்க்கிறம் எண்டு காசை மறிச்சுப்போடுவாங்கள்.”

எனக்கும் அந்தப் பயம் இருந்தது. “ஓம், எடுத்துவிடு” என்றேன். ‘வட இலங்கையில் ஒரு குடும்பத் தலைவர்’ என்று மட்டும் எழுதினான். தம்பியோடு வேலை செய்பவர்களைத் தவிர ஒருவரும் காசு போடவில்லை.

அவர் போன அன்று மரண அறிவித்தலையும் தம்பிதான் இணையத்தில் போட்டான். அதற்கு மட்டும் நாங்கள் பயப்படவில்லை. வழக்கம்போல முதல் வரியே ‘உடையார்கட்டைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட’ என்றிருந்தது. மத்தியானத்துக்குள் லண்டன், பாரிஸ், சிட்னியிலிருந்தெல்லாம் ஊர்ச்சனம் அழைத்தது.

“எங்களுக்கு ஏன் ஒரு சொல் சொல்லேல்லை?” என்று அவரோடு படித்த ஒருவர் கோபித்தார். பக்கம் போட்டதைச் சொன்னேன்.

“அதை நானும் பாத்தனான், தங்கச்சி. ஆரோ எண்டு தள்ளிவிட்டிட்டன்.”