தபிதா எடுக்காத மறு ஸ்கேன்

பார்ப்பதற்கு ஒரு கருவி இருக்கும்போது, பார்க்காமலே "சரியாகிவிட்டது" என்று சொல்ல உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது?

பங்காருபாளையம் மண்டியில் மாங்காய் தரம் பிரிப்பவள் தபிதா. முதல் கர்ப்பம். ஐந்தாம் மாதம் சித்தூரில் ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா சொன்னார்: "நஞ்சுக்கொடி கீழே, கர்ப்பப்பை வாயை ஒட்டி இருக்குது. பர்வாலேதும்மா, பயப்படாதே, வயிறு வளர வளர முக்கால்வாசிப் பேருக்கு மேலே போயிடும். போச்சான்னு எட்டாம் மாசம் மறுபடி பார்க்கணும். கூடை தூக்காதே. வலியில்லாம ரத்தம் பட்டாலும் ஓடி வந்துடு."

மாமியார் எலிசபெத் விஷயத்தைச் சபையில் ஜெபத்துக்கு வைத்தாள். பிரேமலதா என்பவள் எழுந்து, தனக்கும் கொடி கீழே இருந்து ஜெபத்தால் ஏறியதாகச் சாட்சி சொன்னாள். ஏறியது உண்மைதான், தானாக ஏறியது. அடுத்த ஞாயிறு எலிசபெத்தும் எழுந்து, "என் மருமகளுக்கும் ஏறிடுச்சு" என்று சாட்சி சொல்லிவிட்டாள். சபை அல்லேலூயா என்றது.

எட்டாம் மாதம் வந்தது.

"அத்தே, ஸ்கேனுக்குப் போவணும்."

"சாட்சி சொல்லிட்டு ஸ்கேனுக்குப் போனா ஜனம் சிரிக்காதாடி? கர்த்தருக்கே பரீட்சை வைக்கிறியா?"

கணவன் சாம்ராஜ் தட்டிலிருந்து தலை தூக்கவில்லை. "அம்மாதான் சொல்றாங்க இல்ல. துன்னுட்டுப் படு."

"ஒங்கம்மா வாயிலதான் ஏறிக்கினு இருக்குது. என் வயித்துல எங்க இருக்குதுன்னு யாரு பாத்தா?"

சாம்ராஜ் கை கழுவ எழுந்து போனான்.

ஒரு விடியலில் அவள் பாய் ரத்தத்தில் நனைந்திருந்தது. வலி இல்லை. "நோவே இல்லியே, எதுக்குடி பயம்?" என்று எலிசபெத் வயிற்றில் எண்ணெய் தடவி ஜெபித்தாள். மதியம் தபிதா மயங்கி விழுந்த பிறகுதான் ஆட்டோ வந்தது. சித்தூரில் ரத்தம் ஏற்றி, ஆம்புலன்சில் திருப்பதிக்கு அனுப்பினார்கள். அங்கே ஸ்கேனில் பார்த்தால், கொடி கர்ப்பப்பை வாயை முழுக்க அடைத்துக்கொண்டிருந்தது. வயிற்றைக் கீறி எடுத்த பெண்குழந்தைக்கு உயிரில்லை. ரத்தம் நிற்காததால் கர்ப்பப்பையையும் எடுத்துவிட்டார்கள்.

"கர்த்தர் சித்தம்" என்று எலிசபெத் கட்டிலருகே அழுதாள்.

"ஏறினா ஜெபம், ஏறலன்னா சித்தமா அத்தே? என்னை ஒருவாட்டி கூட்டிக்கினு போயிருந்தா?" தபிதா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

உங்கள் வீட்டுப் பெண்ணுக்குக் கொடி கீழே இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்களா? ஜெபமோ நேர்த்திக்கடனோ, உங்கள் விருப்பம். மறு ஸ்கேனுக்கு நீங்களே அவளை அழைத்துப் போங்கள். ரத்தம் பட்டால் வலி வரட்டும் என்று காத்திராதீர்கள். உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.