கோட்டுக்குத் திறந்த பாலம்

தையல்காரருக்கு ஒரு பழக்கம் உண்டு. யாருக்குக் கோட்டு தைத்தாலும் பக்கத் தையலுக்குள் இரண்டு விரல் அகலத்துக்குத் துணியை மிச்சம் விட்டுத்தான் மடிப்பார். "மனுசன் பெருப்பான். வக்கீல் இன்னும் சீக்கிரமா பெருப்பான்" என்பார். நீதிமன்றத்துக்கு எதிர்ச்சந்தில் கடை வைத்திருக்கிறவர், சொல்லலாம்.

காய்ச்சல் பரவியபோது அரசாங்கம் கால்வாய்ப் பாலத்தின் குறுக்கே இரும்புத் தடுப்பை வைத்து, இந்தக் கரை ஆள் அந்தக் கரைக்குப் போகக் கூடாது என்றது. நோயைத் தடுக்க வேண்டியதுதான், யார் இல்லை என்றது? ஆனால் தடுப்பைப் பார்த்து நோய் பயந்ததோ இல்லையோ, பெரிய கார்களைப் பார்த்துத் தடுப்பு பயந்தது. முன்கண்ணாடியில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தால் போதும், காவலர் சலாம் போட்டு நகர்த்துவார்.

தையல்காரரின் அக்கா அந்தக் கரையில் படுத்திருந்தாள். அவளுக்கு அந்தக் காய்ச்சல்கூட இல்லை, சிறுநீரகம் செயலிழந்துவிட்டது. பெற்றவர்கள் போன பிறகு இவரை வளர்த்தவள், முதல் முதலாக இவர் கையில் ஊசியைக் கொடுத்தவள் அவள்தான். தினமும் போன் வரும்.

"தம்பி, ஒரு பாலத்தைத் தாண்ட முடியலையாடா உன்னால?"

அனுமதி கேட்டு இவர் ஏறாத படி இல்லை. கடைசியில் கடை மாடியில் குடியிருந்த இளம் வக்கீல், "அண்ணே, ஒரு மனுசன் நடமாடுறதை இவங்க இஷ்டத்துக்கு நிறுத்த அரசியல் சாசனத்துல இடமே இல்ல. வழக்குப் போடுவோம்" என்று குதித்தான். போட்டார்கள். அரசு வக்கீல் பதில் சொல்ல அவகாசம் கேட்டார். வாய்தா. மறுபடி கேட்டார். மறுபடி வாய்தா. சாகிறவளுக்கு வாய்தா வாங்கத் தெரியவில்லை.

அப்புறம் ஒரு காலை, கடை வாசலில் போலீஸ் ஜீப் வந்து நின்றது.

"பெட்டியைத் தூக்கிட்டு ஏறுங்க. அரசு வக்கீல் சார் வீட்ல அவசர வேலை."

வீட்டிலேயே அடைந்து தின்று தின்று அரசு வக்கீலுக்கு, இவர் முன்பு தைத்துக் கொடுத்த கோட்டில் பொத்தான் மாட்டவில்லை. விசாரணை கணினித் திரையில்தான், ஆனாலும் பொத்தான் மாட்டாத கோட்டோடு யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்று நீதிபதி கண்டிப்பு. ஊரே மூச்சுத் திணறிக்கொண்டிருந்தபோது அவருக்கு இந்தக் கவலை!

ஜீப்பைப் பார்த்ததும் பாலத்துத் தடுப்பு சரக்கென்று நகர்ந்தது. அக்காவின் தெரு வந்தது. கறிகாய்க் கடை, மூடிய பள்ளிக்கூடம், அதற்கு அடுத்த பச்சைக் கதவு.

"ரெண்டே நிமிஷம் நிறுத்துங்க தம்பி. வாசல்லயே நின்னு பாத்துட்டு வந்துடுறேன்."

"கோட்டுக்குத்தான் அனுமதி" என்றார் காவலர். பச்சைக் கதவு பின்னால் போய்விட்டது.

அரசு வக்கீல் கையைத் தூக்கி நின்றார். அளவெடுத்துக்கொண்டே தையல்காரர் சொன்னார்: "சார், நாளைக்கு நீங்க எதிர்த்துப் பேசப் போறது என் கேஸு."

"அட, அது நீதானா டெய்லர்?" அரசு வக்கீல் வாய்விட்டுச் சிரித்தார். "நல்ல கேஸுப்பா. உள்ளதைச் சொன்னா, அந்த உத்தரவு சட்டப்படி நிக்கவே நிக்காது. ஆனா நான் அதை அங்க சொல்ல முடியுமா?"

"அப்ப திரும்பிப் போறப்ப மட்டும் ஜீப்பை அக்கா வீட்டு வாசல்ல நிறுத்தச் சொல்லுங்க சார்."

"சேச்சே. உத்தரவை நானே மீறலாமா?"

ஊருக்கு உபதேசம் செய்கிறவன் பேச்சைக் கேட்டும், பாதி பிரித்த கோட்டை வீசிவிட்டு எழத் தையல்காரரின் பாழாய்ப்போன கைக்குத் தெரியவில்லை. மிச்சம் விட்ட துணியை இழுத்து, இரட்டைத் தையலாகவே போட்டுக் கொடுத்தார். அதை நினைத்தால் இன்றைக்கும் அவருக்குத் தன் கையையே பிடிக்காது.

மறுநாள் அந்தக் கோட்டுக்காரர் திரையில் தோன்றி மறுபடி வாய்தா வாங்கினார். அந்த வாரமே அக்கா போய்விட்டாள். அடக்கம் செய்ய மட்டும் அனுமதி உடனே வந்தது.

பிறகு வழக்கு வந்தது. மனுதாரர் பார்க்க விரும்பியவர் இப்போது உயிரோடு இல்லை, ஆகவே அந்த உத்தரவு அரசியல் சாசனத்துக்கு உட்பட்டதா என்று ஆராய வேண்டிய தேவை எழவில்லை என்று அரசு வக்கீல் கணீரென்று வாதாடினார். நீதிபதியும் அதையே கொஞ்சம் நீட்டிச் சொல்லி முடித்துவைத்தார். இளம் வக்கீல் மூக்கை உறிஞ்சினான். தையல்காரர் தீர்ப்பைக் கேட்கவில்லை, திரையில் தெரிந்த அரசு வக்கீல் கோட்டின் பக்கத் தையலையே பார்த்துக்கொண்டிருந்தார். கையை ஆட்டி ஆட்டிப் பேசியும் ஓர் இழை விடவில்லை.

தடுப்பையெல்லாம் எடுத்த பிறகு அரசு வக்கீல் அந்தக் கோட்டோடு கடைக்கு வந்தார், கைப்பொத்தான் ஒன்று தொங்குகிறது என்று.

"அன்னைக்கு அருமையா தைச்சே டெய்லர். உங்க அக்கா இன்னும் ஒரு மாசம் தாக்குப்பிடிச்சிருந்தா உனக்கு நல்ல தீர்ப்பே கிடைச்சிருக்கும்."

தையல்காரர் பொத்தானை இறுக்கித் தைத்தார். பிறகு கோட்டைப் புரட்டிப் போட்டு, பக்கத் தையலுக்குள் கத்தரி முனையை விட்டு, மேலிருந்து கீழ்வரை பிரித்தார். இரண்டு பக்கமும். பிரித்த நூலை ஒன்றுவிடாமல் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டார்.

"யோவ், என்னய்யா பண்றே?"

"நான் போட்டதை எடுத்துக்கிட்டேன் சார்" என்று வாய் பிளந்து கிடந்த கோட்டை நீட்டினார். "மிச்சம் உங்களோடது."